நாலு அங்குலம்

கார்த்திகை. மூன்று நாள் மழை விட்ட காலை.
கோண்டாவில், உப்புமடச் சந்தி தாண்டிப் பச்சைக் கேற்.
"ஏசி போட்ட உடன ஒரு மணம்" என்றார் பிரதாபன்.
சொல்லி முடிக்கமுன் இருமினார்.

அந்த மணம் எனக்குத் தெரியும்.
காயாத சாரத்தை மடித்து அலுமாரியில் வைத்து
மறந்துபோனால் வருவது.
நான் முதலில் கேட்பது யன்னலைப் பற்றித்தான்.
"அது எப்பவும் திறந்துதான் கிடக்கும்.
ஏசி பதினாறில ஓடும்."
மழைக்காற்றை வீட்டுக்குள் கூப்பிட்டுப்
பிழிந்துகொண்டிருக்கிறார்கள்.
பிழிந்த தண்ணீர் போக ஒரு வழி வேண்டும்தானே.

மூடியைக் கழற்றினேன்.
ஃபில்டரில் கம்பளிபோலத் தூசு.
பின்னால் உருளை விசிறி,
அதன் ஒவ்வொரு தகட்டு விளிம்பிலும்
கறுப்புப் புள்ளி, பக்கத்தில் இன்னொன்று,
ஆரோ ஆறுதலாக இருந்து
ஈர்க்கால் மை தொட்டு வைத்ததுபோல.

பூஞ்சணம்.
அதற்கு மண் வேண்டாம், வெயில் வேண்டாம்.
ஈரம், கொஞ்சம் தூசு, எங்கள் மறதி.

தட்டு நிறையத் தண்ணீர்.
விரலை விட்டேன், வழுவழுத்தது.
வெளியே போய் ஏணி வைத்தேன்.
தண்ணீர் இறங்கும் பைப்பின் வாயில்
களிமண்.
உருட்டி, ஒட்டி, வழித்துப் பூசிய வளைவு,
எந்த மேசனுக்கும் வராத வேலைப்பாடு.
குளவிக் கூடு.

ஸ்குறூட்ரைவரை ஓங்கினேன்.
"எடுக்காதேங்கோ."

கீழே நிறோஜினி. அதுவரை குசினியை விட்டு வராதவர்.
"எனக்குத் தெரியும். ஐப்பசி பிறக்கக் கட்டினது."
வேறொன்றும் சொல்லவில்லை.

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில்
தொட்டில் கட்டுவார்கள் என்று
எங்கள் குருநகர்ப் பக்கமும் கதை உண்டு.
ஹோலில் கல்யாணப் படம் பார்த்திருந்தேன்,
கீழே பொன் எழுத்தில் திகதி.
ஏணியில் நிற்கிறவனுக்கு எதற்கு அந்தக் கணக்கு?
ஏழு வருசம்.

உள்ளே அந்த மனிசன் இருமுகிறார்.
வெளியே இந்தக் கைப்பிடி மண்.
இரண்டுக்கும் நடுவில் முக்கால் அங்குலப் பைப்
தண்ணீரைத் தொண்டையில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

வாள் எடுத்து வரச் சொன்னேன்.
கூட்டுக்கு மேலே அளந்து, நாலு அங்குலம்,
ஆட்டாமல் அறுத்தேன்.
அடைபட்டது முழுக்கத் தோளில் கொட்டியது,
தேத்தண்ணி நிறத்தில், நாறி.
துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு மத்தியானம் வரை என் வேலை.
மூக்கைக் கட்டி, பொலித்தீன் கட்டி,
கொயிலுக்குத் தண்ணீர் அடித்து,
விசிறியைத் தகடு தகடாகத் தேய்த்து.
கழுவுவது பெரிதில்லை, காய வைக்கிறதுதான்.
"இருபத்தஞ்சில விடுங்கோ, யன்னலைச் சாத்தி.
நிப்பாட்ட முதல் அரை மணித்தியாலம்
விசிறி மட்டும் ஓடட்டும்."
பிரதாபன் தலையாட்டினார். எழுதிக்கொண்டது அவர்தான்.

புதுப் பைப். வாயில் வலை வைத்துக் கட்டினேன்.
முடிச்சைப் பார்த்துக்கொண்டே நின்றவர்
"அப்ப இனி வராது" என்றார்.
மணமா, குளவியா?
கேட்கவில்லை.
பில்லில் அந்த நாலு அங்குலத்தைப் போடவில்லை.
என்னவென்று போடுவது?

மாசியில் சேர்விசுக்குப் போனேன்.
ஃபில்டர் சுத்தம். சுவரில் பென்சிலால் திகதிகள்,
பதினைஞ்சு நாளுக்கு ஒன்று, ஒன்றும் தவறவில்லை.
இருமல் கேட்கவில்லை.
ஆள் கடைக்குப் போயிருந்தாராம்.
யன்னல் கட்டில் பைப் துண்டு.
களிமண்ணில் ஒரு துளை,
உள்ளிருந்து திறந்தது.
"போயிட்டுது. எப்ப எண்டு பார்க்கேல்ல."

டோர்ச் அடித்து விசிறியைச் சுழற்றினேன்.
தகடு, தகடு, தகடு.
கடைசி விளிம்பில் ஒரு புள்ளி,
கடுகிலும் சிறிது.
வெறுங்கையால் தொடாதேங்கோ என்று
ஊரெல்லாம் சொல்லித் திரிகிற நான்
தொட்டேன்.
ஈரமாகத்தான் இருந்தது.